மேலே போகப் போக உயரும் ஜன்னல்கள்

லண்டனிலிருந்து வடக்கே போகும் எம்1 நெடுஞ்சாலை டெர்பிஷயருக்குள் நுழைந்து, செஸ்டர்ஃபீல்டை நெருங்கும் முன்னால், வலப்புறக் குன்றின் விளிம்பில் ஒரு மாளிகை தெரியும். காரில் போகிறவர்களுக்கு அது சில விநாடிகளே கண்ணில் நிற்கும். ஆறு சதுரக் கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஜன்னல்கள். மாலை வெயில் மேற்கு முகப்பில் விழும் நேரமானால், கட்டடம் உள்ளிருந்து பற்றி எரிவதுபோல் இருக்கும். இன்னும் கிட்டே போனால் கோபுரங்களின் உச்சியில், வானத்தைப் பின்புலமாக்கிக் கல்லில் செதுக்கி நிறுத்திய இரண்டு எழுத்துகளைப் படிக்கலாம்: இ, எஸ். எலிசபெத் ஷ்ரூஸ்பரி. எழுத்துகளுக்கு மேல் ஒரு சிறு மகுடம். ஆறு கோபுரங்களிலும் அதே எழுத்துகள்தான்.

இதுதான் ஹார்ட்விக் மாளிகை. 1590-இல் அடித்தளம் தோண்டி, 1597-இல் குடிபுகுந்த வீடு. ‘ஹார்ட்விக்கில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிய நூல்களில் இதற்குத் தனி இடம் கொடுப்பார்கள். அந்த இடத்துக்குக் காரணமாக அழகைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அழகைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பெண் தன் பெயரில், தன் பணத்தில், தன் விருப்பப்படி கட்டிய வீடு இது. பெண்ணுக்குத் தனிச் சொத்தே அரிதாக இருந்த ஒரு காலத்தில் இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், கட்டடத்தின் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் காரணம் புரியும்.

அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் என்ற நிலையே இல்லை. அவளுடைய நகையும் பணமும் கணவனுக்குச் சேரும். நிலத்தை அவன்தான் ஆள்வான். விதவையானால் மட்டும் நிலைமை மாறும். கணவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கின் வருவாய் அவள் ஆயுள் முழுக்க அவளுக்கு. வழக்குத் தொடுக்கலாம், வாங்கலாம், விற்கலாம், கட்டலாம். எலிசபெத் ஹார்ட்விக், ஊர் இன்றும் அழைப்பதுபோல் சொன்னால் பெஸ், நான்கு முறை விதவையானார்.

அவர் பிறந்தது 1527-ஐ ஒட்டி, அதே குன்றின்மேல் இருந்த ஒரு சுமாரான பண்ணை வீட்டில். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் வளரும்வரை நிலத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் அப்போது இருந்தது. அதில் அந்தக் குடும்பம் நொடிந்தது. நிலம் கையில் இருந்தும் பலன் கைக்கு வராத வீட்டில் வளர்ந்த பெண், பிற்காலத்தில் ஒவ்வொரு பத்திரத்தையும் விடாமல் பாதுகாத்து வைத்ததில் வியப்பில்லை.

முதல் கணவர் ராபர்ட் பார்லி சிறுவயதிலேயே 1544-இல் இறந்தார். அவர் குடும்பத்தாரிடமிருந்து தனக்குரிய பங்கைப் பெற பெஸ் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. இரண்டாமவர் சர் வில்லியம் கேவண்டிஷ், அரசாங்க அதிகாரி. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது செல்வம் சேர்த்தவர்களில் ஒருவர். 1547-இல் மணம். தெற்கே இருந்த தன் நிலங்களைக் கேவண்டிஷ் விற்றார். மனைவியின் மாவட்டத்தில் 1549-இல் சாட்ஸ்வொர்த் என்ற பெருநிலம் வாங்கப்பட்டது. எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாமவர் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் மெய்க்காவல் படைத்தலைவர் வில்லியம் செயின்ட் லோ; தன் சொத்தை மனைவிக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். நான்காமவர் ஷ்ரூஸ்பரியின் ஆறாம் பிரபு ஜார்ஜ் டால்பட், நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர்.

இந்த நான்காம் மணம்தான் கசந்தது. சிறைப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரியைக் காவலில் வைக்கும் பொறுப்பு 1569-இல் ஷ்ரூஸ்பரியின் தலையில் விழுந்தது. 1584 வரை இறங்கவில்லை. செலவுக்கு அரசி எலிசபெத் கொடுத்த படி போதவில்லை. பெஸ்ஸும் மேரியும் ஒரே அறையில் உட்கார்ந்து பூத்தையல் போட்ட ஆண்டுகளும் உண்டு. பிறகு சந்தேகம், வசை, கடிதப் போர், பிரிவு. கடனில் மூழ்கி இறந்த சகோதரனின் ஹார்ட்விக் நிலத்தை 1583-இல் பெஸ் 9,500 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். சாட்ஸ்வொர்த்தைவிட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தபோது அவர் திரும்பிய இடம் அதுதான். 1587-இல் தந்தையின் வீட்டைப் பெரிதாக்கத் தொடங்கினார். இன்று ‘பழைய ஹார்ட்விக்’ என்று கூரையில்லாமல் நிற்கும் கட்டடம் அது.

1590 நவம்பரில் ஷ்ரூஸ்பரி இறந்தார். ஏறக்குறைய அதே வேளையில், பழைய வீட்டு வேலை முடியும் முன்பே, கூப்பிடு தூரத்தில் புதிய மாளிகைக்கு அடித்தளம் தோண்டும் வேலை ஆரம்பமாகிவிட்டது. பெஸ்ஸுக்கு அறுபது கடந்திருந்தது. இரண்டு வீடுகளிலும் சில ஆண்டுகள் ஒரே சமயத்தில் வேலை நடந்தது. கையில் பணம் வந்ததும் தாமதிக்க அவர் விரும்பவில்லை என்பதைத் தேதிகளே சொல்கின்றன.

கட்டுமானக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. கொத்தனார், கல்தச்சர், தச்சர், வண்ணக்காரர் ஆகியோருக்குக் கொடுத்த கூலி வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது. பெஸ் அவற்றைத் தானே பார்த்துச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கல் அந்தக் குன்றின் அடிவாரக் குவாரியிலிருந்தே வந்தது. ஈயம், மரம், கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் அவருடைய சொந்தச் சுரங்கம், காடு, உலையிலிருந்து வந்தவை. கடைக்குப் போய்ப் பொருள் வாங்கிக் கட்டிய வீடாக இருந்தால் இத்தனை கண்ணாடிக்கு எந்தப் பிரபுவின் கருவூலமும் தாங்கியிருக்காது.

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்ஸன் என்பதே வரலாற்றாசிரியர்களின் முடிவு. அவருடைய வரைபடத் தொகுப்பில் ஹார்ட்விக்கை ஒத்த தரைப்படம் ஒன்று இருக்கிறது. கல்தச்சராகத் தொழிலைத் தொடங்கியவர். லாங்லீட் மாளிகையில் வேலை செய்து, நாட்டிங்ஹாம் அருகே வொல்லட்டன் மாளிகையை உருவாக்கியவர். 1614-இல் இறந்த அவருடைய நினைவுக் கல்லில் ‘கட்டடக்கலைஞர்’ என்று பொறித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கே இங்கிலாந்தில் அப்போது புழக்கம் குறைவு.

அவருடைய துணிச்சலைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் பெரிய வீடுகள் எப்படி இருந்தன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலப் பெருவீட்டின் உயிர் அதன் கூடம். பிரபுவும் பணியாட்களும் ஒரே கூரையின் கீழ் உண்ட இடம் அது. ஒரு முனையில் மேடை, அங்கே பிரபுவின் மேசை. மறுமுனையில் மரத் தடுப்பு, அதற்கு அப்பால் சமையற்கட்டு. வெளியிலிருந்து வருகிறவர் அந்தத் தடுப்பின் பக்கமாகத்தான் நுழைவார். கூடம் முகப்புக்கு இணையாக நீண்டு கிடப்பதால், வாசல் எப்போதும் ஓரமாகத்தான் விழும். பதினாறாம் நூற்றாண்டில் சமச்சீரான முகப்பின்மேல் மோகம் வந்தபோது இந்தக் கூடம் இடைஞ்சலாக நின்றது. வாசலை நடுவில் வைத்தால் கூடம் கெட்டது. கூடத்தைக் காப்பாற்றினால் முகப்பு கோணிற்று.

ஹார்ட்விக்கில் கூடத்தையே தொண்ணூறு பாகை திருப்பிவிட்டார்கள். வாசல் நேர் நடுவில். நுழைந்ததும் கூடம் முகப்பிலிருந்து பின்புறம் நோக்கிக் கட்டடத்தின் குறுக்கே ஓடுகிறது. இங்கிலாந்தில் இப்படிச் செய்த முதல் பெருவீடு இது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு செவ்வகத்தைச் சுழற்றிய சின்ன மாற்றம்தான். ஆனால் அதன் விளைவு பெரியது. மேடை போனது, பிரபுவின் இருக்கை போனது. கூடம் பணியாட்கள் உண்ணும் இடமாகவும், விருந்தினர் கடந்து போகும் வழியாகவும் மாறியது. வீட்டுத் தலைவி மாடிக்குப் போய்விட்டார். ஒரே இடத்தில் சேர்ந்து உண்ட வாழ்க்கை அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது உண்மைதான். அது முடிந்துவிட்டதைக் கல்லில் எழுதிவைத்தது இந்த வீடு.

இப்போது வெளியே வந்து ஜன்னல்களை மறுபடி பாருங்கள். தரைத்தளத்து ஜன்னல்கள் குட்டை. அதற்கு மேல் தளத்தில் உயரம் கூடுகிறது. உச்சித் தளத்தில் எல்லாவற்றையும்விட நெடிது. கீழே சமையற்கட்டும் பணியாட்களும். நடுவில் பெஸ்ஸின் அன்றாட அறைகள். மேலே அரசவை விருந்துக்கான அறைகள். வீட்டுக்குள் யாருக்கு என்ன மதிப்பு என்பதை உள்ளே போகாமலேயே ஜன்னலின் உயரத்தில் படித்துவிடலாம். பின்னால் வந்த ஆங்கில மாளிகைகளில் முக்கிய அறைகள் முதல் மாடியிலேயே நின்றுவிட்டன. உச்சித் தளம்வரை விருந்தினரை ஏறவைக்கும் கர்வம் ஹார்ட்விக்குக்கு உரியது.

இத்தனை ஜன்னலைத் துளைத்த சுவர் எப்படி நிற்கிறது? கட்டடத்தின் நடுவில் முதுகெலும்புபோல் ஒரு பருத்த சுவர் நீளவாக்கில் ஓடுகிறது. பாரத்தில் பெரும் பங்கை அது தாங்குகிறது. அடுப்புகளும் புகைபோக்கிகளும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியதால், வெளிச்சுவர் கண்ணாடிக்கு விடுதலையானது. நீண்ட பக்கங்களில் இரண்டிரண்டாகவும் குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்றாகவும் நிற்கும் கோபுரங்கள் முட்டுக்கொடுக்கின்றன. கண்ணாடி என்றால் இன்றைய பெரிய பலகைகளை நினைக்க வேண்டாம். அன்று உருக்கி ஊதி எடுக்க முடிந்தவை சிறு துண்டுகளே. அவற்றை ஈயப் பட்டைகளில் கோத்து, கல் சட்டங்களுக்குள் பொருத்தினார்கள். துண்டுக்குத் துண்டு நிறமும் மேடுபள்ளமும் மாறும். அதனால்தான் வெயில் அதன்மேல் சீராக ஒளிராமல் நெளிகிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: சில ஜன்னல்கள் பொய். வெளியே கண்ணாடி மின்னும். உள்ளே பின்னால் சுவரோ புகைபோக்கியோதான் இருக்கும். முகப்பின் சமச்சீருக்காகச் செய்த ஏற்பாடு அது.

உள்ளே ஏறும் கல் படிக்கட்டு எனக்கு அந்த வீட்டிலேயே மிகப் பிடித்த பகுதி. அகலமான, தாழ்ந்த படிகள். இருட்டிலும் வெளிச்சத்திலும் மாறிமாறித் திரும்பித் திரும்பி, வீட்டின் நீளத்தையே கடந்து உச்சித் தளத்தில் கொண்டுபோய் விடுகிறது. சமையற்கட்டிலிருந்து உணவுத் தட்டுகளும் இதே வழியில்தான், கூடத்தைக் கடந்து, ஊர்வலமாக ஏறின. மேசைக்கு வந்து சேரும்போது சாப்பாடு ஆறியிருக்கும் என்பதில் ஐயமில்லை. அந்த ஊர்வலத்தின் பகட்டுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

படி முடியும் இடத்தில் உயர் விருந்தறை. சுவரின் மேற்பகுதி முழுவதும் வண்ணம் பூசிய சுதைச் சிற்பம்: காடு, மரங்கள், மான்கள், வேட்டை, நடுவே கன்னித் தெய்வம் டயானாவும் அவளுடைய பரிவாரமும். ஏப்ரகாம் ஸ்மித் என்ற சுதைக் கலைஞரின் கைவேலை. கன்னி அரசி என்று புகழப்பட்ட எலிசபெத்துக்கு டயானா ஓர் உவமை. அருகிலேயே அரசியின் சின்னமும் இருக்கிறது. சுதைக்குக் கீழே கிரேக்கக் காவிய வீரன் யுலிசிஸின் கதையை நெய்த பிரஸ்ஸல்ஸ் சித்திரத் திரைகள். அவற்றை பெஸ் 1587-இலேயே, இந்த வீட்டுக்கு அடித்தளம் போடும் முன்பே வாங்கிவிட்டார். திரைகளின் உயரத்துக்கு ஏற்பவே அறையின் உயரம் அமைந்தது. அத்தனையும் அரசி ஒருநாள் வருவார் என்ற எதிர்பார்ப்பில். 1603-இல் அரசி இறந்தார். ஹார்ட்விக்குக்கு அவர் ஒருமுறைகூட வரவில்லை.

அந்த எதிர்பார்ப்புக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருந்தது. பெஸ்ஸின் மகள்வழிப் பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட், தந்தை வழியில் அரச ரத்தம். பிள்ளையில்லாத அரசிக்குப் பின் முடிசூடக்கூடியவர்களின் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. பாட்டி அவரை ஹார்ட்விக்கில் கண்காணிப்பில் வளர்த்தார். மகுடம் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸுக்குப் போனது. ஆர்பெல்லா 1610-இல் அரசர் அனுமதியின்றி வில்லியம் சீமோரை மணந்து, பிடிபட்டு, 1615-இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். பாட்டி கட்டிய வீட்டின் வெளிச்சமெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சிறையாகவே இருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதே உச்சித் தளத்தில் நெடுங்கூடம் கிழக்குப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுமார் 50 மீட்டர் நீளம். மழைக்காலத்தில் உள்ளேயே உலாவுவதற்கான இடம். அதன் சுவரில் கீடியனின் விவிலியக் கதையைச் சொல்லும் 13 சித்திரத் திரைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். ஃபிளாண்டர்ஸில் 1578-இல் சர் கிறிஸ்டஃபர் ஹாட்டனுக்காக நெய்தவை. ஹாட்டன் பெரும் கடனோடு இறந்ததும், 1592-இல் பெஸ் அவற்றை அவருடைய வாரிசிடம் 326 பவுண்டு 15 ஷில்லிங் 9 பென்ஸுக்கு வாங்கினார். திரைகளில் ஹாட்டனின் குலச்சின்னம் நெய்திருந்தது. அதை மாற்றும் செலவுக்கென்று விலையில் 5 பவுண்டு கழிக்கவைத்தார். பிறகு ஹாட்டன் சின்னத்தின்மேல் தன் சின்னத்தைத் துணியில் வரைந்து ஒட்டவைத்தார். ஹாட்டனுடையது பெண்மான்; கேவண்டிஷ் குடும்பத்துடையது கொம்புள்ள ஆண்மான். பெண்மான்களுக்குக் கொம்பு வரைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கொம்புகளில் பெஸ்ஸின் குணம் முழுவதும் இருக்கிறது: பெரிய கனவு, சில்லறைக் கணக்கு, இரண்டும் ஒரே கையில்.

1601-இல் வீட்டுப் பொருள்களை அறை அறையாக எழுதிப் பட்டியல் போட்டார்கள். அதில் பெஸ்ஸின் படுக்கையறையைப் படிக்கும்போது குளிர் நம் மேலும் ஏறுகிறது. ஜன்னலுக்குத் திரை, அதன்மேல் திரை, கதவுக்குத் திரை, கட்டிலுக்கு அடுக்கடுக்காகக் கம்பளிகள். துருக்கிக் கம்பளங்கள் மேசைமேல் விரிப்பதற்கு. தரைக்குக் கோரைப் பாய்தான். குன்றின் உச்சியில், காற்று நேராக அறையும் இடத்தில், கண்ணாடியால் வீடு கட்டியதற்கான விலை அது. எழுபதைக் கடந்த அந்தப் பெண் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த விலையைக் கொடுத்தார். 1608 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். கட்டிக்கொண்டே இருக்கும்வரை அவருக்குச் சாவில்லை என்று ஒரு குறி சொல்லப்பட்டதாகவும், உறைபனியில் கொத்தனார்களின் வேலை நின்ற நேரத்தில் உயிர் பிரிந்ததாகவும் ஊரில் ஒரு கதை உண்டு.

இதைப்போல் இன்னொரு கதையை மட்டும் திருத்திவிடலாம். மாளிகையில் ‘ஸ்காட்லாந்து அரசி மேரியின் அறை’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். அந்த அறையில் அவர் கண்ணீர் வடித்ததாக எண்ணிப் பல தலைமுறைப் பயணிகள் உருகியிருக்கிறார்கள். மேரி 1587-இல் தலை வெட்டப்பட்டார். அப்போது இந்த வீட்டின் முதல் கல்கூட வைக்கப்படவில்லை.

பிறகு நடந்ததுதான் ஹார்ட்விக்கின் நல்லூழ். தன் வீட்டுப் பொருள்கள் வீட்டோடே இருக்க வேண்டும் என்று பெஸ் உயிலில் எழுதிவைத்தார். மகன் வில்லியம் 1618-இல் டெவன்ஷயர் பிரபுவானார். சந்ததியார் சாட்ஸ்வொர்த்தையே தலைமை வீடாக்கிக்கொண்டு, தலைமுறைக்குத் தலைமுறை அதை இடித்தும் புதுக்கியும் வந்தார்கள். பெஸ் அங்கே எழுப்பிய முகப்பு இன்று இல்லை. ஹார்ட்விக்கோ ஒதுக்குப்புறமாகக் கிடந்தது. கை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. குடும்பத்தின் ஆசிரியராக இருந்த தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1679-இல் இங்கேதான் இறந்தார். பக்கத்து ஆல்ட் ஹக்னல் கிராமத் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அந்தப் பிரபுவின் வழியில் வந்த டெவன்ஷயரின் ஆறாம் டியூக் பழமையின்மேல் கொண்ட காதலால் இன்னும் சில பழைய திரைகளையும் ஓவியங்களையும் கொண்டுவந்து சேர்த்தார். பழைய ஹார்ட்விக்கின் கூரையும் தளங்களும்தான் போயின. மேல்தளச் சுவர்களில் ராட்சத உருவங்களின் சுதைச் சிற்பம் மட்டும், கீழே நிற்கத் தளம் இல்லாமல், இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1950 நவம்பரில் பத்தாம் டியூக் எதிர்பாராமல் இறந்தார். வரியைத் தவிர்க்கச் சொத்தை முன்கூட்டியே மாற்றி எழுதியிருந்தார். சட்டம் கேட்ட காலக்கெடு முடியச் சில வாரங்களே பாக்கி இருந்தன. 80 சதவீத மரண வரி விழுந்தது. வரிக்கு ஈடாகக் குடும்பம் கொடுத்தவற்றில் ஹார்ட்விக்கும் ஒன்று. 1959-இல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. பெஸ்ஸின் வழியில் அந்த வீட்டில் கடைசியாக வாழ்ந்தவர் ஒன்பதாம் டியூக்கின் விதவை ஈவ்லின். வாழ்ந்த காலமெல்லாம் ஊசியும் நூலுமாகத் திரைகளைத் தானே தைத்துக் காத்தவர். 1960-இல் மறைந்தார்.

துணிக்குப் பெரிய பகை வெளிச்சம். பெஸ் காசைக் கொட்டி உள்ளே வரவழைத்த அதே வெளிச்சம், நானூறு ஆண்டுகளாக அவர் வாங்கிய திரைகளின் சாயத்தைத் தின்று, பட்டிழையையும் கம்பளி இழையையும் பொடியாக்கிவந்தது. 1999-இல் கீடியன் வரிசையைச் செப்பனிடும் வேலை தொடங்கியது. ஒவ்வொரு திரையாக இறக்கி, தூசி எடுத்து, பெல்ஜியத்துக்கு அனுப்பி ஈரமுறையில் சுத்தம் செய்து, திரும்பக் கொண்டுவந்து, நார்ஃபோக்கில் உள்ள துணிப் பாதுகாப்புக்கூடத்தில் லினன் துணியின்மேல் விரித்து இழை இழையாகத் தைத்தார்கள். ஒரு திரைக்கு இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆனது. 24 ஆண்டுகள், 17 லட்சம் பவுண்டு. தொடங்கியவர்களில் சிலர் முடிவதற்குள் ஓய்வுபெற்றுப் போயிருப்பார்கள். பதின்மூன்றாவது திரை 2023-இல் தன் இடத்தில் மாட்டப்பட்டது. அதைப் பார்க்க நெடுங்கூடத்துக்கு வருகிறவர்கள் மங்கல் வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை சற்று நிற்க வேண்டும். கிழக்கு முகத்தின் அந்த நெடிய ஜன்னல்களில், வெயிலைத் தடுக்கத் திரைகளை இறக்கிவிட்டிருக்கிறார்கள்.